மூடினேனா

டக். கொஞ்சம் விட்டு, டக், டக். அப்புறம் ஒன்றுமில்லை. கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியவில்லை, முன்னால் கருஞ்சிவப்பாக ஏதோ நிற்கிறது, அவ்வளவுதான், ஆனால் சத்தம் மட்டும் தெளிவாக வந்தது. ராத்திரி முழுக்க மில்லில் நின்றுவிட்டு வந்தவனின் காது பகலிலும் சும்மா இருக்காது, நூல் நூற்கிற கதிர்கள் சுற்றுகிற இரைச்சல் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த இரைச்சலைக் குத்திக்கொண்டு மறுபடியும், டக். கேஸ் லைட்டர். அடுப்படியில் அம்மா நிற்கிறாள். எழுந்திரு என்று எனக்கே சொன்னேன். எழுந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைத்தேன், தரையின் குளிர்ச்சிகூடத் தெரிந்தது, நடந்தேன், பார்த்தால் படுத்தபடியே கிடக்கிறேன். மறுபடி எழுந்தேன், மறுபடி கிடக்கிறேன். கை என்று ஒன்று வயிற்றின் மேல் கிடக்கிறது, அதன் கனம் தெரிகிறது, ஆனால் அது என் பேச்சைக் கேட்கவில்லை. அமுக்குவான். முழு நைட் பார்க்கிற எவனையும் இவன் விட்டதில்லை, பகல் தூக்கத்தில் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான், கத்தினால் வாய்க்குள்ளேயே கத்த வேண்டியதுதான். தலைமாட்டில் பழைய செருப்பை வைத்துக்கொண்டு படு, இரும்பு ஏதாவது வை என்று மில்லில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நூலகத்துப் புத்தகம் ஒன்றில் நான் படித்தது வேறு, பேயுமில்லை பிசாசுமில்லை, மூளை முந்திக்கொண்டு விழித்துவிட்டது, உடம்புக்கு இன்னும் தகவல் போகவில்லை, கொஞ்ச நேரத்தில் தானாக விட்டுவிடும். தானாக விட்டுவிடும். அதை எழுதிய மனுஷனின் வீட்டு அடுப்படியில் அந்த நேரம் யார் நின்றிருந்தார்களோ. டக்.

பயப்பட ஒன்றுமில்லை, இது தினமும் கேட்கிற சத்தம்தான், தினமும் கேட்கட்டும் என்று நாங்களே ஏற்பாடு பண்ணி வைத்திருக்கிற சத்தம்தான். அம்மாவுக்கு ஞாபகம் கலைய ஆரம்பித்ததிலிருந்து மத்தியானச் சங்கு ஊதப்போகிற நேரம் நெருங்கினால் உட்கார்ந்திருக்க முடியாது, பகல் ஷிப்ட் முடிந்து அப்பா வந்துவிடுவார், சோறு சூடாக இருக்க வேண்டும். அப்பா செத்து எத்தனையோ வருஷம். அது நமக்குத் தெரியும், அம்மாவுக்கு ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் தெரியாது. ஒரு தடவை வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி அது சிவந்து கைப்பிடி உருகி வீடெல்லாம் புகை ஆனபோது லைட்டரை ஒளித்து வைத்துப் பார்த்தோம். அம்மா தெருவில் இறங்கி, எதிர்வீட்டில் போய், தாயி, ஒரு கங்கு குடு, அடுப்பு அணைஞ்சு போச்சு என்று கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் கரண்டு அடுப்பு. அந்தப் பெண் சிரிக்கவும் முடியாமல் விரட்டவும் முடியாமல் ஒரு டம்ளர் காப்பியைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் என் பெண்டாட்டி மாரீஸ்வரி யோசித்துச் சொன்னாள், லைட்டர் அத்தை கையிலேயே இருக்கட்டும், நாம கீழே சிலிண்டர்ல ரெகுலேட்டரை மட்டும் மூடிருவோம், அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு அவங்களே வந்துருவாங்க. அப்படியேதான் நடக்கிறது. அம்மா அடுப்பின் திருகைத் திருப்புவாள், லைட்டரை அடிப்பாள், பற்றாது, வெளியே வந்து, கேஸு தீந்துபோச்சு, பதிஞ்சு வைங்கய்யா என்று கடமை முடிந்தவள் மாதிரி உட்கார்ந்துகொள்வாள். உங்க அம்மாவுக்கு இன்னும் மூணு ஷிப்டும் ஓடுது, எனக்கு ஒண்ணுக்கே நாக்குத் தள்ளுது என்பாள் மாரீஸ்வரி, பேண்டேஜ் கம்பெனிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டே. ஆக, பற்றாமல் வெறுமனே கேட்கிற டக் நல்ல சத்தம். டக் என்றால் ரெகுலேட்டர் மூடியிருக்கிறது என்று அர்த்தம். நிம்மதியாகத் தூங்கலாம் என்று அர்த்தம். ரெகுலேட்டர் மூடியிருக்கிறது. நான்தான் மூடினேன். மூடினேனா?

இன்றைக்கு எல்லாமே கொஞ்சம் தப்பி நடந்தது. காலையில் என்னை மாற்றிவிட வேண்டிய ஆள் வரவில்லை, மிஷினை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது, இன்னொருவரைப் பிடித்து நிறுத்திவிட்டு வீடு வந்தபோது மாரீஸ்வரி போய்விட்டிருந்தாள், எதிர்வீட்டுப் பெண் அம்மாவோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். தினமும் நாங்கள் இரண்டு பேரும் வாசலில் வைத்தே மாற்றிக்கொள்வோம், மில்லில் ஓடுகிற மிஷினை ஓடவிட்டபடியே ஒருத்தன் விலக ஒருத்தன் நிற்பது போல, அம்மா சாப்பிட்டாச்சு, மாத்திரை கொடுத்தாச்சு, கீழே மூடியாச்சு என்று அவள் சொல்ல நான் தலையாட்டுவேன். இன்றைக்கு அந்தச் சொல் இல்லை. சரி, அவள் மூடாமல் போகிறவள் அல்ல. ஆனால் நான் திறந்தேன். அதுதான். ஆறிப்போன குழம்பைத் தட்டில் ஊற்றப் போனபோது அம்மா எழுந்து வந்து, பச்சத்தண்ணி மாதிரி இருக்குல்ல, குடு, சுட வச்சுத் தர்றேன் என்று கையைப் பிடித்தாள், நீ இரு, நானே சுட வைக்கிறேன் என்று சொல்லிக் குனிந்து திறந்தேன். திறந்தது நல்லா ஞாபகம் இருக்கிறது, சிலிண்டருக்குப் பின்னால் ஒரு பல்லி ஓடியது. குழம்பு கொதித்தது, இறக்கினேன், மேலே அடுப்பை அணைத்தேன். அப்புறம் குனிந்தேனா? குனிந்தது மாதிரித்தான் இருக்கிறது. முதுகு பிடித்துக்கொண்டது, இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தேன், அது இன்றைக்கா நேற்றைக்கா? தினமும் செய்கிற காரியத்துக்கு ஞாபகம் என்று ஒன்று தனியாக இருக்குமா, ஒரு நாள் மூடியதும் இன்னொரு நாள் மூடியதும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து ஒரே மூடலாகக் கிடக்கிறது, அதற்குள் இன்றைக்கு உள்ளதை எப்படித் தனியாக உருவி எடுப்பது. நூல் அறுந்தால் ஒட்டுகிறேன், எந்த நூலை ஒட்டினேன் என்று யாராவது கேட்டால் சொல்ல முடியுமா, கை ஒட்டியது, அவ்வளவுதான். கை மூடியதா? இந்தக் கையிடம்தான் கேட்க வேண்டும், அது வயிற்றின் மேல் செத்துக் கிடக்கிறது. இன்னொன்று. தினமும் அடுப்படி நிலைவாசலுக்குக் குறுக்கே பாயைப் போட்டுத்தான் படுப்பேன், படுத்திருக்கிறவனைத் தாண்டக் கூடாது என்பது அம்மாவுக்கு எதை மறந்தாலும் மறக்கவில்லை, பாய் ஓரத்தில் வந்து நின்று, எய்யா, செத்த ஒதுங்கு என்பாள், எனக்கு முழிப்பு வந்துவிடும். கதவில்லாத அடுப்படிக்கு நான்தான் கதவு. இன்றைக்குச் சாப்பிட்டதும் தலை சுற்றியது, ஃபேனுக்குக் கீழே கட்டிலில் கொஞ்சம் சாய்வோம், பிறகு பாயை எடுத்துப் போடுவோம் என்று சாய்ந்தேன். கொஞ்சம்தான் சாய்ந்தேன்.

டக், டக். இப்போது இரண்டாவது அடுப்புக்குப் போய்விட்டாள் போல, சத்தம் இடம் மாறிக் கேட்கிறது. அப்படியானால் முதல் திருகை மூடினாளா? மூட மாட்டாள். அவள் பழகியது திருகே இல்லாத விறகு அடுப்பில். அவளுடைய காலத்தில் அந்த வீட்டு அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை. அப்பா ஒரு ஷிப்ட், பெரிய சித்தப்பா ஒரு ஷிப்ட், சின்ன சித்தப்பா ஒரு ஷிப்ட், அதுவும் வாரம் மாறினால் மூன்று பேருக்கும் மாறும், இந்த வாரம் யாருக்கு எது என்று அவர்களே மறந்தாலும் அம்மாவுக்குத் தெரியும். விடிந்தால் ஒருத்தர் சாப்பிட்டுப் போக ஒருத்தர் வருவார், மத்தியானம் ஒருத்தர் போக ஒருத்தர் வருவார், ராத்திரியும் அப்படியே. வருகிறவருக்குச் சூடாக, போகிறவருக்குத் தூக்குச்சட்டியில். நடுவில் நாங்கள் பிள்ளைகள், பள்ளிக்கூடம். அந்த வீட்டில் மூன்று ஷிப்டும் பார்த்த ஒரே ஆள் அம்மாதான், ஆனால் அவளுக்குச் சங்கும் கிடையாது, வார லீவும் கிடையாது. எப்போது தூங்கினாள்? ராட்டையில் தறிக்காகத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும், கை நிற்காது, நூல் ஓடிக்கொண்டே இருக்கும், அறுந்தால் முழிப்பு வரும், ஒட்டிவிட்டு மறுபடி தொங்கும். தூக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டி இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்திருந்தாள். கட்டைவிரலில் நூல் ஓடி ஓடி விழுந்த பள்ளத்தில் மஞ்சள் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. பெரிய சித்தப்பாவுக்குக் கல்யாணமான புதிதில் சித்தி கேட்டாளாம், ஏங்க்கா, ஒரே நேரமா ஆக்கி மூடி வச்சுட்டா அவங்கவங்க போட்டுத் தின்னுட்டுப் போறாங்க, எதுக்கு இந்தப் பாடு? அம்மா சொன்னாளாம், மிஷின்ட்ட நின்னுட்டு வர்ற மனுசனுக்கு வீட்லயும் மிஷின் மாதிரியா போடுறது, மூஞ்சியப் பாத்துப் போடணும். சித்தி இதைப் பெருமையாகவும் சொல்வாள், எங்களால முடியாதப்பா என்று குத்தலாகவும் சொல்வாள். சோற்றைப் போட்டுவிட்டு அம்மா முகத்தைப் பார்ப்பது உண்மைதான். இருமுகிறானா, கண் சிவந்திருக்கிறதா, மேஸ்திரி ஏதும் சொன்னானா. கேட்க மாட்டாள், பார்ப்பாள். இப்போதும் என்னைப் பார்க்கிறாள், முகம் முழுக்கத் தேடுகிறாள், யாரென்று கண்டுபிடிக்கத்தான்.

லைட்டர். கடவுளே, லைட்டர். போன வாரம் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் விழுந்துகிடந்தது, அதிலிருந்து சரியாகப் பொறி வருவதில்லை, பத்து அடி அடித்தால் ஒன்று பற்றும், புதுசு வாங்கிட்டு வாங்க என்று மாரீஸ்வரி சொன்னாள், அத்தைக்கு எதுக்குப் புதுசு, அவங்க அடிச்சா என்ன பத்தவா போகுது என்று அவளே சிரிக்கவும் செய்தாள். அப்படியானால் பற்றாத டக்குக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. கேஸ் வரவில்லை என்று ஓர் அர்த்தம். கேஸ் வந்துகொண்டே இருக்கிறது, பொறிதான் வரவில்லை என்று ஓர் அர்த்தம். இவ்வளவு நேரம் தாலாட்டு மாதிரிக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன். ஒவ்வொரு டக்கும் பற்றிக்கொள்ளாமல் போகும்போது நல்லவேளை என்பதா, ஐயோ இன்னும் சேர்கிறதே என்பதா? பற்றட்டும் என்று வேண்டுவதா பற்ற வேண்டாம் என்று வேண்டுவதா? இப்போதே பற்றினால் ஒரு சேலை முந்தியோடு போகும், இன்னும் கொஞ்சம் கழித்துப் பற்றினால்... நாற்றம் அடிக்கிறதா என்று பார்த்தேன். மூச்சு இழுப்பது மட்டும் என் பேச்சைக் கேட்கிறது, இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் எனக்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான். பஞ்சுத் தூசி என் மூக்கை எப்போதோ கொண்டுபோய்விட்டது, மல்லிகைப் பூவும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான், குழம்பு ஊசிப்போனதா என்று மாரீஸ்வரிதான் முகர்ந்து சொல்ல வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம் என்று படித்திருக்கிறேன், மேலே எழும்பாது, தண்ணீர் மாதிரித் தரையோடு தரையாகப் பரவும், நிலைவாசலைத் தாண்டும், கட்டில் காலைச் சுற்றிக்கொள்ளும், பிறகு மெதுவாக ஏறும். அடுப்படி மூலையில் பிரிட்ஜ் இருக்கிறது. அது சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று தானாக உறுமி எழும், எழும்போது உள்ளே எங்கேயோ ஒரு சின்னப் பொறி பறக்கும், லைட்டர் வேண்டியதில்லை, அம்மா வேண்டியதில்லை. இப்போது அது ஓடுகிறதா நின்றிருக்கிறதா? மில் இரைச்சலைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக் கேட்டேன். நின்றுதான் இருக்கிறது. அப்படியானால் இனிமேல்தான் எழும்பும். சுண்டுவிரலை ஆட்டு. சுண்டுவிரல் ஒன்று ஆடினால் போதும், பிடி விட்டுவிடும் என்பார்கள். ஆடுகிறதா? ஆடுகிற மாதிரித்தான் இருக்கிறது, எழுந்த மாதிரி இருந்ததே, அந்த மாதிரி.

தீ என்றால் அம்மாவுக்குப் பயமே கிடையாது, அதுதான் எனக்குப் பயம். மில்லில் பஞ்சு குடோனில் தீப்பிடித்த அன்றைக்கு அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள், நானும் கூட இருந்தேன், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உயரம். ஊரே நின்று கத்தியது, பெண்கள் மண்ணில் விழுந்து புரண்டார்கள், அம்மா மட்டும் கையில் தூக்கோடு நின்றாள், மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த நேரம் அது. வானம் கறுத்து வெள்ளைப் பஞ்சும் கறுத்த பஞ்சுமாகப் பறந்து எங்கள் தலையில் விழுந்தது. கேட்டைத் திறந்துவிட்டார்கள், ஆட்கள் ஒவ்வொருத்தராக இருமிக்கொண்டு வந்தார்கள், முகமெல்லாம் கரி, யார் யாரென்று அவரவர் பெண்டாட்டிக்கே தெரியவில்லை, பெண்கள் ஓடி ஓடி முகத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு வேறு ஆள் என்றதும் விட்டுவிட்டு அடுத்தவரிடம் ஓடினார்கள். அம்மா ஓடவில்லை. தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். அப்பா கடைசியில் வந்தார். மற்ற பெண்கள் செய்தது மாதிரி அம்மாவும் அழுவாள் என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் அப்பாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தாள், பிறகு சோறு ஆறிப்போச்சு என்றாள். ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் உட்கார வைத்து அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை நின்றுகொண்டிருந்தாள். திரும்பி நடந்து வரும்போதுதான் என் தோளைப் பிடித்திருந்த கை நடுங்கியது, வீடு வருகிறவரை நடுங்கியது, வீட்டுக்குள் நுழைந்ததும் மத்தியானம் தொடங்குகிற அரை நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சின்ன சித்தப்பாவுக்குச் சோறு எடுத்து வைக்கிற நேரம் நடுக்கம் நின்றுவிட்டது. அந்தத் தீயிலிருந்து அப்பா வந்துவிட்டார். இந்தத் தீ எரிந்தால் கேட்டுக்கு வெளியே யார் நிற்பார்கள்? மாரீஸ்வரி சாயங்காலம் தெருமுனை திரும்பும்போது கூட்டத்தைப் பார்ப்பாள். அல்லது கூட்டம் இருக்காது, எல்லாம் சும்மா இருக்கும், கதவைத் திறந்து அவள் லைட்டு சுவிட்சில் கையை வைப்பாள். அதை நினைத்ததும் தொண்டைக்குள் ஒரு சத்தம் வந்தது, மாரீஸ், சுவிட்சைத் தொடாதே என்று, வெளியே போகவில்லை. அம்மா என்று கூப்பிட்டேன். அதுவும் போகவில்லை. கூப்பிட்டது கேட்டால் மட்டும் என்ன, எந்த அழகர் கூப்பிடுகிறான் என்று நினைப்பாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற அழகரா, மில்லில் சேர்ந்த அழகரா, நரைத்துப்போய்க் கட்டிலில் கிடக்கிற இந்த ஆள் யாரென்று நினைப்பாள்?

டக் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவனுக்குத் தெரியாமல் நின்றுவிட்டது. வெளியே வந்து கேஸு தீந்துபோச்சு என்று சொல்லியிருக்க வேண்டும், இந்நேரம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டாளா? தரையிலா? தரையில்தானே அது கிடக்கிறது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும் என்பார்கள், தலை லேசாகி, துண்டு துண்டாக விட்டுவைத்த அத்தனை தூக்கமும் ஒரேயடியாக வந்து சேர்கிற மாதிரி. அம்மா, தூங்காதே. இவ்வளவு நாள் தூங்கவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் தூங்காதே. ஃபேன் தலைக்கு மேலே சுற்றுகிற சத்தம், என் மூச்சு, மில் இரைச்சல், இவற்றுக்கு நடுவில் அடுப்படியிலிருந்து ஒன்றுமே வரவில்லை என்பது மட்டும் வந்துகொண்டிருந்தது. சாகிறவர்கள் சத்தம் போட்டுச் சாவதில்லை, சின்ன சித்தப்பா தூங்கின மாதிரியேதான் போனார், அரை நைட் முடிந்து படுத்தவரை விடிந்து எழுப்பப் போன அம்மா வெளியே வந்து எங்களிடம் சொன்னது, இன்னைக்கு யாரும் அவனை எழுப்ப வேண்டாம் என்றுதான், அதைச் சொல்லிவிட்டு அவர் பங்குக்கு வடித்திருந்த சோற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது ஒரு சத்தம். கர்ர் என்று இரும்பு இழுபடுகிற சத்தம். இது எனக்குத் தெரியாத சத்தம். சிலிண்டரை இழுக்கிறாள். சிலிண்டரை இழுத்து, குழாயைப் பிடுங்கி... மறுபடி கர்ர், பிறகு ணங் என்று ஓர் இடி. என் கால் உதைத்தது. நான் உதைக்கவில்லை, அது உதைத்தது, போர்வையோடு சேர்த்து என்னைக் கட்டிலிலிருந்து தள்ளியது. முழங்கை தரையில் பட்டு உயிர் போனது. வலிக்கிறது என்றால் அமுக்குவான் விட்டுவிட்டான். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன், ஓடும்போதே ஃபேன் சுவிட்சுக்கு நீண்ட கையைத் தொடாதே என்று இழுத்துக்கொண்டேன்.

அடுப்படியில் வெயில் விழுந்திருந்தது. வெள்ளையடித்த நாளிலிருந்து பெயின்ட் ஒட்டித் திறக்காமல் கிடந்த ஜன்னல் திறந்திருந்தது, கொண்டி வளைந்து தொங்கியது, கதவு சுவரில் மோதிய இடத்தில் காரை பெயர்ந்திருந்தது. அதற்குக் கீழே அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தில் முருங்கைக்கீரை வைத்திருந்தாள், காலையிலேயே பாதி உருவி வைத்தது ஒரு பக்கம், பாதி இன்னும் கொப்பிலேயே. லைட்டர் அடுப்பு மேடையில் கிடந்தது. மேலே இரண்டு திருகும் திறந்தபடி இருந்தன. குனிந்து பார்த்தேன். கீழே ரெகுலேட்டர் மூடியிருந்தது. மூடியிருந்தது. மூடியிருந்தது என்று கையை வைத்துப் பார்த்தேன், முடுக்கிப் பார்த்தேன், இதற்கு மேல் போகாது. அப்படியானால் நான் காலையிலேயே மூடியிருக்கிறேன், இவ்வளவும் வெறும் பயம், குழம்பை இறக்கினேன், குனிந்தேன், மூடினேன், முதுகு பிடித்தது இன்றைக்குத்தான். சிலிண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவுதானா, எதற்கு இப்படி என்று சிரிப்புக்கூட வந்தது. அம்மா உதட்டில் விரலை வைத்தாள்.

"மெல்ல. புள்ளை தூங்குறான்."

எனக்குப் புரியவில்லை. எந்தப் புள்ளை என்று கேட்டேன்.

"நம்ம அழகருதான். முழு நைட் பாத்துட்டு வந்து இப்பத்தான் கண்ணசந்தான். நீங்க வந்ததும் வராததுமா தடபுடன்னு வர்றீங்க."

அப்பாவிடம் பேசுகிறாள். அப்பாவின் மூக்கு எனக்கு, அப்பாவின் நரை, மில்லிலிருந்து வருகிற ஆளின் கண். நான் அழகர், அம்மா, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவள் முகம் எப்படிக் குழம்பிப்போகும் என்று தெரியும், விட்டுவிட்டேன். ஜன்னலை ஏன் திறந்தாய் என்று மட்டும் கேட்டேன். அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"நாத்தம் வந்துச்சு. அடுப்பு பத்தல, நாத்தம் மட்டும் வந்துச்சு. அதான் கீழ மூடிட்டு இதைத் திறந்தேன். கொண்டிய இழுத்து இழுத்துப் பாத்தேன், வரமாட்டேன்னுச்சு, அம்மிக் குழவிய வச்சு ஒரு இடி இடிச்சேன்." பிறகு, யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போல அறைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவந்தான் திறந்து போட்டுட்டுப் படுத்துட்டான் போல. தூக்கக் கலக்கம். நீங்க ஒண்ணும் கேட்டுறாதீங்க."

ரெகுலேட்டரின் மேல் வைத்த கை அங்கேயே இருந்தது. மூடியது இந்தக் கை இல்லை. இதற்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஜன்னல் வழியாக வந்த காற்று சுவர் நாட்காட்டியின் தாளைப் புரட்டியது, அதில் என்ன மிச்சம் கலந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது, இழுத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றுமில்லை. நாளைக்கு அவளுக்கு இந்த நாற்றமும் மறந்துபோனால்? குனிந்து மூடுகிற அந்தக் கைக்கும் மறந்துபோனால்? மேடைமேல் திறந்திருந்த இரண்டு திருகுகளையும் ஒவ்வொன்றாக மூடினேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இருமுகிறானா, கண் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

"கேட்கல," என்றேன். "ஒண்ணும் கேட்கல."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. தூரத்தில் மத்தியானச் சங்கு ஊத ஆரம்பித்தது, அவள் தலையை நிமிர்த்திக் கேட்டாள், எழுந்திருக்கவில்லை, வர வேண்டியவர் வந்துவிட்டார். முறத்தைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஒரு கொப்பை எடுத்தாள், நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவினாள். நானும் ஒன்றை எடுத்தேன்.